மூன்று கோப்பையில் எது வேறு

நாள் 611. காலை 08:20
கரி வடிகட்டி: 83%. அறையில் வாடை: இல்லை.

பதிவு செய்பவர்: கோ. செண்பகவல்லி, சுவை ஆய்வாளர், தென்பள்ளம் நிலையம், செவ்வாய்க் கிரகம்.

இன்றைய சோதனை பாசிமாவுக் கஞ்சி, இரண்டு வகை. கோப்பை எண்கள் 418, 725. சுவைத்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். என்னைத் தவிர நிலையத்தில் இருப்பதே அவ்வளவுதான். இடையில் வாய் கொப்பளிக்க வெதுவெதுப்பான தண்ணீர், உப்பில்லாத ரொட்டித் துண்டு. மதிப்பெண் ஒன்று முதல் ஒன்பது வரை. ஒன்று என்றால் துப்பிவிடத் தோன்றுகிறது, ஒன்பது என்றால் இன்னொரு கோப்பை வேண்டும். சராசரி 7.9.

வெளியாள் கையில் கிடைத்தாலும் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்பது விதி. எழுதுகிறேன். சுவை அறைக்குள் நிலையத்தின் பொதுக் காற்று வராது. யாரோ வதக்கும் வெங்காய வாடையோ பெயிண்ட் வாடையோ உள்ளே வந்தால் நாக்கு சொல்வது மாறிவிடும். அதனால் எனக்கு மட்டும் தனிக் காற்று, தனிக் கரி வடிகட்டி. என் நாக்குதான் இங்கே அளவுகோல், ஆகவே படுக்கையும் இங்கேயே. சுவைப்பவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம் தடுப்புகளில் உட்காருவார்கள். நான் ஒரு தள்ளுகதவு வழியாகக் கோப்பையை நகர்த்துவேன். முகம் பார்ப்பது கிடையாது, பேச்செல்லாம் ஒலிபெருக்கியில். ஒன்றரை வருடத்துக்கு மேலாக ஒரு மனித முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததில்லை. பழகிவிட்டது.

கஞ்சிக்கு மார்க் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களுக்கு: இங்கே பிடிக்காத சாப்பாட்டை மனிதர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். கிடங்கு நிறைய மாவு இருக்கும், ஆள் எலும்பும் தோலுமாக இருப்பான். எனவே பூமியில் உள்ள குடியேற்றக் குழு ஒரு விதி வைத்திருக்கிறது. ஆறு மாதம் தொடர்ந்து சராசரி ஏழுக்கு மேல் இருந்தால்தான் அடுத்த கப்பல் இறங்கலாம். கொற்கை என்ற அந்தக் கப்பல் நேற்று மேலே சுற்றுப்பாதைக்கு வந்துவிட்டது. அறுபத்துநான்கு பேர். அதில் ஒருத்தி என் தங்கை பூங்கனி, வெல்டர். இறங்கினால் திரும்ப ஏற முடியாது. எரிபொருள் ஆலை இங்கே பாதியில் நிற்கிறது.

ஆக, அவள் இறங்குவதும் இறங்காததும் என் கஞ்சியில் இருக்கிறது. ஆறாவது மாதத்தின் மதிப்பெண்ணை அனுப்பிவிட்டேன்.

நாள் 614. மாலை 16:05
கரி வடிகட்டி: 82%.

ஆறு மாத எண்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சராசரியில் குறையில்லை. குறை சிதறலில். எல்லோரும் ஏழு, எட்டு. ஒரு மூன்று இல்லை, ஒரு நான்கு இல்லை. முப்பத்தெட்டுப் பேர் ஒரு கஞ்சியில் இவ்வளவு ஒத்துப்போக மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டியே ஒரு ரசத்தில் ஒத்துப்போவதில்லை.

இன்று ஒரே சட்டியிலிருந்து இரண்டு கோப்பை ஊற்றி, வேறு வேறு எண் ஒட்டி, எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன். எங்கள் தொழிலில் இது பழைய தந்திரம். இரண்டும் ஒன்றே ஆனாலும் மனிதர்கள் ஏதாவது ஒன்றைப் பிடித்தது என்பார்கள். இதில் புளிப்பு தூக்கல், அதில் உப்புக் கம்மி என்று சண்டைக்கே வருவார்கள். அந்த இல்லாத விருப்பம் எவ்வளவு என்று தெரிந்தால்தான் இருக்கிற விருப்பத்தை அளக்க முடியும்.

இங்கே யாரும் சண்டைக்கு வரவில்லை.

தடுப்பு 3, பாக்கியத்தாய், பயிர்க்கூடம்: "ரெண்டுமே நல்லாருக்குக்கா. நீங்க எத வச்சாலும் நல்லாத்தான் இருக்கும்."

தடுப்பு 7, அந்தோணி குரூஸ், காற்றுக்குழாய்ப் பொறுப்பு: "குறை சொல்ல ஒண்ணுமில்லம்மா. ஒங்க கை பக்குவம் அப்படி."

கை பக்குவமாம். கலக்குவது இயந்திரம். விருந்துக்குப் போன வீட்டில் இலையில் கல் கிடந்தாலும் ஓரமாக ஒதுக்கிவிட்டு "பிரமாதம்" என்று சொல்லும் ஜனங்கள் நாம். சுவருக்குப் பின்னால் இருப்பது வல்லி என்று தெரிந்த பிறகு எந்த நாக்கு உண்மை சொல்லும்? எனக்குக் கோபம் மூக்கு மேல் நிற்கிறது. இப்படி வாங்கிய எண்ணை நம்பித்தான் அறுபத்துநான்கு பேரை இறக்கப் போகிறோம்.

நாள் 616. காலை 10:40
கரி வடிகட்டி: 82%.

ஒரு வேலை செய்தேன். ரசத்தில் உப்பை நாலு மடங்கு போட்டு, காய்ச்சலுக்கு வைத்திருக்கும் கசப்பு மருந்தையும் கரைத்தேன். நான் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினேன். வாயில் வைக்க விளங்கவில்லை.

சராசரி 7.8.

பாக்கியத்தாய் இன்னொரு கோப்பை கேட்டாள். சிரித்துவிட்டேன். பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். மரியாதைக்கும் ஓர் அளவு வேண்டாமா.

கொற்கையிலிருந்து, பூங்கனி: "ஏக்கா, அவுகள வையாத. மருதுபாண்டி அண்ணன் கல்யாணத்துல சாம்பார் அடிப்பிடிச்சுப் போச்சுல்ல, நீயே ரெண்டாந்தரம் வாங்கி ஊத்திக்கிட்டே. பொண்ணு வீட்டுக்காரங்க சங்கடப்படுவாங்கன்னு. ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருக்கிறது. நானும் அந்த ஜாதிதான்.

பூங்கனி: "நாலு நாள்ல நான் கீழ வந்துருவேன். உன் கஞ்சிக்கு ரெண்டு மார்க்குதான் போடுவேன், பாத்துக்க. உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல ஒரு ஆளு வேணும்லா."

அவள் வந்தால் நன்றாக இருக்கும். இதை எழுதுவதில் வெட்கமில்லை.

நாள் 617. மதியம் 13:15
கரி வடிகட்டி: 81%.

இன்று பிடித்திருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. மூன்று கோப்பை வைத்தேன். இரண்டில் சாதா ரசம், ஒன்றில் நேற்றைய உப்பும் கசப்பும். மூன்றில் எது வேறு, அவ்வளவுதான் கேள்வி. இதில் மரியாதைக்கு வேலை இல்லை. சரியான விடை ஒன்று, தப்பான விடை இரண்டு. எனக்கு மனம் நோகக் கூடாது என்று நினைப்பவர்கூட உண்மையைத்தான் சொல்லியாக வேண்டும்.

முப்பத்தெட்டில் பதின்மூன்று பேர் சரி.

திரும்ப எண்ணினேன். பதின்மூன்று. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு குத்துமதிப்பாகக் கை காட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும். அந்த அளவுக்குத்தான் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. கடல் தண்ணீர் மாதிரி இருக்கும் ரசத்துக்கும் சாதா ரசத்துக்கும் ஓர் ஆளுக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை.

இது மரியாதை இல்லை. இவர்களுக்கு நாக்கு போய்விட்டது.

நாள் 617. மாலை 18:50

தடுப்பு 3-க்குப் பாக்கியத்தாயை மட்டும் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே பதிகிறேன்.

"எனக்கு மட்டுந்தான் இப்படின்னு நெனச்சேன்க்கா. நாலு மாசமா வாயில ஒண்ணும் தெரியல. மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு. மத்தவுக எல்லாம் நல்லாருக்கு நல்லாருக்குங்கிறாக, நான் மட்டும் எப்படிச் சொல்ல? நீங்க வேற சிரமப்பட்டுச் செய்றீக. எட்டு போடுறதுல நமக்கென்ன நட்டம்னு போட்டேன். இப்ப வெரல் நுனியும் மரத்துப்போச்சுக்கா. நாத்துப் பிடுங்கையில வேரு எது எலை எதுன்னு தெரிய மாட்டேங்குது."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். ஒரே மேசையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, மண்ணைத் தின்றுகொண்டு, பக்கத்து ஆளிடம் பிரமாதம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அந்தோணி குரூஸ் விஷயத்தைப் பிடித்துவிட்டார்: "அஞ்சு மாசம் முந்தி எல்லாக் காத்துக்குழாய்க்கும் மூட்டுக்கு மூட்டு புதுப் பசை போட்டோம்மா. அதுலேந்து என்னமோ ஆவி வருது. நம்ம காத்துமானிக்கு அது பேரே தெரியாது, அதான் கத்தல. ஒங்க ரூமுக்கு கரி வடிகட்டி இருக்கதால ஒங்களுக்கு ஒண்ணுமில்ல."

பசையைச் சுரண்ட முடியுமா என்று கேட்டேன். நிலையம் முழுக்க இருக்கிறது, சுரண்டினால் காற்று நிற்கும் என்றார். மருத்துவ இயந்திரம் வரிசையைச் சொன்னது. முதலில் மூக்கு, நாக்கு. பிறகு விரல். பிறகு கால். பிறகு மூச்சை இழுக்கும் நரம்பு.

நாலு மாதம் முன்னால் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "வல்லி, உன் கஞ்சி வாயில வைக்க வெளங்கல" என்று சொல்லியிருந்தால் போதும். எனக்கு அழுகை வர வேண்டும். வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன்.

நாள் 618. காலை 09:30
கரி வடிகட்டி: 81%.

கொற்கைக்கும் பூமிக்கும் சேதி அனுப்பினேன்: இறங்க வேண்டாம்.

கேப்டன் மைமூன் பீவி: "நீங்க சொல்றது புரியுதும்மா. ஆனா என் கையில இருக்கிற விதிப்படி உங்க மார்க் ஏழுக்கு மேல. அந்த மார்க்க அனுப்பினதே நீங்கதான். நான் நிலையத் தலைவர்கிட்ட கேட்டேன். எல்லாரும் நல்லா இருக்கோம், வாங்கன்னு சொல்றார்."

நிலையத் தலைவர் சிவனணைந்த பெருமாளை ஒலிபெருக்கியில் பிடித்தேன். வயதில் மூத்தவர், ஒருநாளும் குரலை உயர்த்தாதவர். இன்றும் உயர்த்தவில்லை.

"வாசல் வரைக்கும் வந்துட்டவங்கள எப்படித் தாயி திரும்பிப் போங்கன்னு சொல்லுவேன்? அதுவும் போக, அவங்க வந்தாத்தான் நமக்கு வழி. அறுபத்துநாலு பேரு, நல்ல கை, நல்ல காலு. பசையச் சுரண்டுவாங்க, புதுக் குழாய் போடுவாங்க. நம்ம பிள்ளைகளால இனிமே ஸ்பேனர் பிடிக்க முடியாது. இது உனக்குத் தெரியாதா?"

தெரியும். வேலை முடிய எட்டு மாதம் ஆகும். அந்த எட்டு மாதமும் அவர்கள் இழுப்பது இதே காற்றைத்தான். முதல் மாதத்திலேயே அவர்களுக்கும் நாக்கு போகும். ஐந்தாவது மாதத்தில் ஸ்பேனர் கீழே விழும். இதைச் சொன்னேன்.

"கணக்கு நீ போடுவே தாயி. நான் என்னத்தக் கண்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவரிடம் முப்பத்தெட்டுப் பேர். என்னிடம் ஒருத்தி.

நாள் 619. மதியம் 12:00 முதல் 14:40 வரை
கரி வடிகட்டி: 80%.

கேப்டனிடம் ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன். சோதனையைக் கேமரா வழியாக அவர் கண்முன்னே நடத்துகிறேன். எந்தக் கோப்பையில் எது என்பதை அவரே தீர்மானிக்கட்டும். நான் ஊற்றி நகர்த்துவேன், விடை அவரிடம் இருக்கும். பாதிப் பேருக்கு மேல் சரியாகச் சொன்னால் இறங்குங்கள் என்றேன். ஒப்புக்கொண்டார்.

முப்பத்தாறு பேர் வந்தார்கள். இரண்டு பேரால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும். சரியாகச் சொன்னால் கப்பல் வரும், தப்பாகச் சொன்னால் போய்விடும்.

இவ்வளவு மெதுவாக யாரும் ரசம் குடித்து நான் கேட்டதில்லை. ஒலிபெருக்கியில் உறிஞ்சும் சத்தம், வாயில் வைத்துக் கொப்பளிக்கும் சத்தம். ஒருவர் கோப்பையை மூக்கருகில் வைத்து இழுத்துக்கொண்டே இருந்தார். ஒருவர் ரசத்தை விரலால் தொட்டுக் கண்ணில் வைத்துப் பார்த்தார் போல, எரிகிறதா என்று. ஐயோ என்று ஒரு சத்தம் வந்தது. உப்பு கண்ணில் எரிந்திருக்கும். அவர் மட்டும் உடனே சரியாகச் சொன்னார்.

தடுப்பு 3: "அக்கா. எதுன்னு சொல்லிருங்கக்கா. கேப்டனம்மாவுக்குக் கேக்காது. கோப்பையத் தள்ளும்போது லேசாத் தட்டுங்க, போதும். நான் மத்தவுகளுக்குச் சொல்லிக்கிடுதேன். ஒங்க கைய விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?"

எனக்குத் தெரியும் எது வேறு என்று. ஊற்றும்போதே மூக்கில் ஏறியது. மூன்றையும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் தள்ளினேன். பாக்கியத்தாய் நடுக்கோப்பை என்றாள். தப்பு.

முப்பத்தாறில் பன்னிரண்டு.

கேப்டன் மைமூன் பீவி: "புரிஞ்சுதும்மா. நாங்க இறங்கல. கரி மூட்டையும் மருந்தும் பெட்டியில வச்சுக் கீழ போடுறோம். ஆறு நாள் கழிச்சுத்தான் பூமிக்குத் திரும்புற பாதை கிடைக்கும். அதுவரைக்கும் மேலதான் சுத்திக்கிட்டு இருப்போம். அல்லா உங்களுக்குத் துணை இருக்கட்டும்."

தடுப்புகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது ஒருத்தர்கூட என்னைத் திட்டவில்லை. சிவனணைந்த பெருமாள், "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருக்கலாம்.

நாள் 621. காலை 07:10
கரி வடிகட்டி: 64%.

எழ முடியாமல் கிடந்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார். குழாய்ப் பிரிவு முத்துக்குட்டி. மூச்சு நின்றது. அவர் எப்போதும் எட்டு போடுவார்.

நேற்று என் கதவைத் திறந்தேன். விதிப்படி தப்பு. இந்த வடிகட்டி ஓர் ஆளுக்கானது. பாக்கியத்தாயையும் இன்னும் மூன்று பேரையும் உள்ளே படுக்க வைத்திருக்கிறேன். மீதிப் பேர் மாற்றி மாற்றி வந்து ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் உடம்போடு, துணியோடு, கதவு திறக்கும்போதெல்லாம் அந்த ஆவியும் உள்ளே வருகிறது. கரி வேகமாகக் குறைகிறது. கொற்கை போட்ட கரி மூட்டைகள் பொதுக் காற்றுக்குப் போய்விட்டன, ஒரு வாரம்கூடத் தாங்காது.

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன், பாக்கியத்தாய் முகம். குரலை வைத்துச் சின்னப் பெண் என்று நினைத்திருந்தேன். நரை விழுந்த தலை. தலையணையைச் சரி செய்தேன். "ஒங்களுக்குச் சிரமம்க்கா" என்றாள். சும்மா இரு என்றேன்.

பூங்கனி: "என்னைய வர விடாமப் பண்ணிட்டேல்ல. சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. இங்க ஒத்த ஆளு இறங்குற கூண்டு ஒண்ணு இருக்கு, ரிப்பேருக்கு. நான்தான் அதுக்குப் பொறுப்பு. உனக்கு நாக்குப் போச்சுன்னு தெரிஞ்சுச்சுன்னா, எட்டு மூட்டக் கரியோட நான் கீழ வந்துருவேன். கேப்டன் சொன்னாலும் கேக்க மாட்டேன், நீ சொன்னாலும் கேக்க மாட்டேன். உன்னைய அங்க தனியா விட்டுட்டுப் போயி நான் என்ன பண்ண?"

எனக்கு ஒன்றுமில்லை, என் காற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கதவைத் திறந்ததைச் சொல்லவில்லை.

நாள் 623. காலை 06:45
கரி வடிகட்டி: 31%.

தினமும் காலையில் என் நாக்கைச் சோதிப்பது வழக்கம். ஐந்து குப்பி: இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, வெறும் தண்ணீர்.

இனிப்பு: தண்ணீர் மாதிரி.
உப்பு: தண்ணீர் மாதிரி.
புளிப்பு: பல் கூசியது. சுவை இல்லை.
கசப்பு: தண்ணீர் மாதிரி.
தண்ணீர்: தண்ணீர் மாதிரி.

குப்பிகளின் வரிசையை மாற்றி மறுபடி செய்தேன். அதே.

மற்றவர்களுக்கு ஒரு மாதத்தில் ஆனது எனக்கு மூன்று நாளில். கதவு வழியாக வந்தது அவ்வளவு, சுத்தக் காற்றிலேயே இருந்த உடம்பு அதற்குப் பழகவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பாக்கியத்தாய்க்குக் கஞ்சி ஊட்டினேன். அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இருந்தாலும் உப்பு அளந்துதான் போட்டேன்.

நாள் 624. மாலை 17:20
கரி வடிகட்டி: 18%.

நாளைக் காலை கொற்கை கிளம்புகிறது. பூங்கனி கூப்பிட்டாள். கரி மூட்டைகளோடு எனக்கென்று ஒரு சின்னப் பொதி போட்டிருந்தாள், அதைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே மூன்று பொட்டலம், பழுப்பு நிறப் பொடி, பார்வைக்கு அம்மா அரைக்கும் பருப்புப் பொடி. எண்கள் 106, 342, 877. எண் ஒட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

பூங்கனி: "நானே கப்பல் அடுப்புல வறுத்து அரைச்சது. மூணுல ஒண்ணு வேற. இப்பவே, எனக்குக் கேக்கப் பிரிச்சு, வாயில போட்டுச் சொல்லு. மிஷின்ல வைக்கக் கூடாது. யோசிக்கக் கூடாது."

பிரித்தேன். கண்ணுக்கு மூன்றும் ஒன்று. விரலுக்குத் தெரியவில்லை, விரல் நுனி நேற்றே போய்விட்டது. 106-ஐ நாக்கில் வைத்தேன். 342. 877. மூன்றும் மண்.

ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் மூன்றில் ஒரு வாய்ப்பு. என் தங்கையின் உயிரை மூன்றில் ஒன்றுக்கு வைக்க மனம் வரவில்லை. நாக்கை விட்டுவிட்டு அவளை யோசித்தேன். சீட்டாட்டத்தில்கூட நேர்மையாக ஆடத் தெரியாத கழுதை. ஒன்று வேறு என்று அவள் சொன்னால் ஒன்றும் வேறாக இருக்காது.

"மூணும் ஒண்ணுதாண்டி, என்னைய ஏமாத்தப் பாக்காத" என்றேன்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

பூங்கனி: "அடிப்பாவி, கண்டுபிடிச்சுட்டியே! சரி, எப்படி இருக்கு? நல்லாருக்கா?"

அவள் ஆசையாகக் கேட்டாள். தன் கையால் செய்தது. நான் சொன்னேன்: "ரொம்ப நல்லாருக்குடி. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், ஆனா அதுதான் மணம். பருப்பு நல்லா வறுபட்டுருக்கு. மிளகு கடைசியில தொண்டையில வந்து நிக்குது. அம்மா கை அப்படியே உனக்கு வந்துருக்கு."

இருபது வருடம் இதைத்தானே படித்தேன். இல்லாத சுவையை இவ்வளவு விவரமாகச் சொல்ல இன்னொருத்தியால் முடியாது.

பூங்கனி: "சரிக்கா. எனக்கு இப்பத்தான் நிம்மதி. நீ தூங்கு. நானும் படுக்கப் போறேன்."

நிம்மதி. எனக்கும். இந்தப் பதிவில் முதல்முறையாக அந்தச் சொல்லை எழுதுகிறேன்.

நாள் 625. காலை 06:30
கரி வடிகட்டி: 9%.

கேப்டன் மைமூன் பீவி: "வல்லியம்மா, பூங்கனி படுக்கையில இல்ல. ஒத்தக் கூண்டு கழண்டு இறங்கிக்கிட்டு இருக்கு. உள்ளேந்து பூட்டிக்கிட்டா, எங்களால நிறுத்த முடியல. கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சேதி வச்சுட்டுப் போயிருக்கா. அப்படியே படிக்கிறேன். 'மூணு பொட்டலத்துலயும் இருந்தது வெறும் வறுத்த மாவு. உப்புகூடப் போடல. அக்கா பெருங்காயம்ங்கிறா, மிளகுங்கிறா. அவளுக்கு நாக்குப் போயிருச்சு. நான் போறேன்.'"

வெறும் மாவு.

என்னடி மாவை அனுப்பியிருக்கிறாய், சனியனே, என்று திட்டியிருந்தால் போதும். நன்றாக இல்லை என்று சொல்லியிருந்தாலே போதும். அவள் கப்பலில் இருந்திருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. தங்கச்சி செய்து அனுப்பினது.

நாள் 625. காலை 07:05

கூண்டு தரையைத் தொட்டுவிட்டது. விளக்கு தெரிகிறது. கொற்கை கிளம்பிவிட்டது.

வேகமாக எழுத வேண்டும், பேனா விரலில் நிற்கவில்லை. பாக்கியத்தாய் மூச்சு விடுகிறாள். எண்ணிக்கொண்டே விடுகிறாள்.

இதைக் கண்டெடுப்பவருக்கு. நீங்கள் வரும்போது எங்களில் யார் இருப்போம் என்று தெரியாது. பூங்கனி சின்னவள், கடைசியாக வந்தவள், எட்டு மூட்டைக் கரி இருக்கிறது, அவள் இருக்கலாம். முப்பத்தோரு வயது. இடது புருவத்தில் வெல்டிங் தழும்பு. பார்த்தால் எப்படி இருக்கிறாய் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள். தண்ணீர் கொடுப்பாள், உட்காரச் சொல்வாள். நம்பாதீர்கள். மூன்று கோப்பை வையுங்கள். இரண்டில் ஒரே மாதிரி, ஒன்றில் உப்பு. எது வேறு என்று கேளுங்கள். அவள் தப்பாகச் சொன்னால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், அவள் என்ன சொன்னாலும்

வந்துவிட்டாள். கதவைத் தட்டுகிறாள். தாழ்ப்பாள் என் கையில் இருக்கிறதா இல்லையா என்று தெரிய